மாடி பாத்ரூம் கசிவு: வாடகை வீடு காலியானபோது பார்த்த வேலை

திருச்சி கே.கே.நகர் பக்கம் எங்களுக்கு ஒரு மாடிவீடு இருக்கிறது. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், இரண்டும் வாடகைக்குத்தான். 1990-களின் கடைசியில் அப்பா கட்டியது. மேல்வீட்டில் இருந்தவர்களுக்கு வேலை மாற்றல் வந்து காலி செய்தார்கள். அடுத்த ஆளை உடனே வைக்காமல் வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாடி பாத்ரூமைத் தளம் தெரிகிறவரை பிரித்துச் செய்தேன். ஆள் குடியிருக்கும்போது பாத்ரூமை உடைக்க முடியாது. இந்த இடைவெளியை விட்டால் அடுத்த வாய்ப்பு இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் வரும். தளத்துக் கம்பி அதுவரை காத்திருக்காது.

வீடு பார்த்துத் தருகிற புரோக்கர் வேறு யோசனை சொன்னார். "ஹாலுக்கு ஒரு ஃபால்ஸ் சீலிங், வெளியில ரெண்டு கோட்டு பெயிண்ட்டு. வாடகையில ஆயிரம் ரூவா கூடக் கேக்கலாம் சார்." கேட்கலாம்தான். ஆனால் வாடகை வீட்டில் போடுகிற பணம் முதலில் தண்ணீருக்கும் கரண்டுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஓதம் ஏறின வீட்டில் எந்த அழகும் ஒரு மழைக்காலத்துக்குமேல் நிற்காது. ஓதம் உள்ள வீட்டில் நல்ல குடித்தனக்காரர்களும் தங்க மாட்டார்கள்.

கசிவு தெரிந்த இடம் கீழ்வீட்டுப் படுக்கையறை, மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே. சீலிங்கில் முதலில் பழுப்பு வளையம், பிறகு உப்புப் பூத்துப் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது. கீழே குடியிருக்கும் அம்மா சொன்ன ஒரு விவரம்தான் பாதி நோயைக் காட்டிக் கொடுத்தது: "மழைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தம்பி. சித்திரை வெயில்லயும் நனையுது. மேல ஞாயித்துக்கிழமை துணி துவைச்சாங்கன்னா மறுநாள் காலையில இந்த எடம் கறுத்துப்போவும்."

இதைக் கேட்ட பிறகு மொட்டைமாடியைச் சந்தேகிக்க வேலையில்லை. எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் ஞாயிறு, திங்கள் பார்க்காது, நாள் முழுக்க நனையும். துவைக்கிற நாளுக்கு மறுநாள் கறுக்கிறது என்றால் தரை வழியாகவோ கழிவுக் குழாய் வழியாகவோ இறங்குகிறது என்று பொருள். குடியிருப்பவர்களிடம் எப்போது நனைகிறது, எவ்வளவு நேரத்தில் காய்கிறது, வாடை அடிக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். அந்தக் கூரைக்குக் கீழே தினம் படுத்து எழுந்திருக்கிறவர்கள் அவர்கள்தானே.

ஆனாலும் உடைப்பதற்கு முன் சோதித்துவிடுவது நல்லது. முதலில் குழாய். பாத்ரூமுக்கு வரும் கேட் வால்வை அடைத்து, ஒரு குழாய்முனையில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தமானியில் 5 கிலோ காட்டுகிறவரை அழுத்தம் ஏற்றினோம். மற்ற முனைகளுக்கு மூடி. அரை மணி நேரம் கழித்தும் முள் நகரவில்லை. குழாய் தப்பித்தது. அடுத்தது தரை. தரைத் தண்ணீர் வடிந்து போகிற நானி டிராப்பின் வாயைத் துணிப்பந்தும் களிமண்ணும் வைத்து அடைத்து, வாசப்படிக் கல் வரை தண்ணீர் கட்டி, சுவரில் நீர்மட்டத்துக்கு நேராகப் பென்சில் கோடு போட்டோம். கீழே சீலிங்கில் ஈரத்தின் ஓரத்தைச் சுற்றியும் ஒரு கோடு. மறுநாள் மேலே மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது, கீழே ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. பிறகு அடைப்பை எடுத்து, சாயப்பொடி கலந்த தண்ணீரை வாளி வாளியாக டிராப்புக்குள் ஊற்றினோம். சாயங்காலத்துக்குள் ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டி விரிந்துவிட்டது. அதில் ஒரு மூலையில் லேசான சிவப்பு. டிராப்பும் குழாயும் சேருகிற இணைப்பு போய்விட்டது.

டைல்ஸை உடைக்காமலேயே சரிசெய்து தருகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டிவிட்டு மேலே கெமிக்கல் பூசுவதாகச் சொன்னார். இன்னொருவர் கீழிருந்து தளத்தில் துளை போட்டு, இடைவெளியை அடைக்கிற கிரவுட் கலவையை ஏற்றுவதாகச் சொன்னார். இடுக்கு வழியாக மட்டும் தண்ணீர் இறங்கும் பாத்ரூமுக்கு முதல் முறை சில வருஷம் கை கொடுக்கும். டிராப் இணைப்பே விட்டுப்போன இடத்தில் இரண்டுமே உதவாது. கீழிருந்து அடைத்தால் தண்ணீர் தளத்துக்கு மேலேயே தேங்கி, பக்கச் சுவருக்குள் ஏறும். ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் கசிவு நிற்பதும் வேறு வேறு.

தரையைக் கொத்தியதும் காரணம் முழுதாகப் புரிந்தது. பாத்ரூம் தளம் மற்ற தளத்தைவிட ஓர் அடி பள்ளமாகப் போடப்பட்ட சங்கன் ஸ்லாப். பள்ளத்தில் செங்கல் துண்டும் மண்ணும் நிரப்பி, அதற்கு மேல் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. டிராப்பையும் கழிவுக் குழாயையும் வெறும் சிமெண்ட் கலவை வைத்து இணைத்திருந்தார்கள். கலவை சுருங்கி, சுற்றிலும் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. வருஷக்கணக்கில் அதன் வழியே இறங்கிய சோப்புத் தண்ணீரைச் செங்கல் துண்டுகள் குடித்துவைத்திருந்தன. அள்ளும்போது தண்ணீர் வடிந்தது, சாக்கடை நாற்றம் அடித்தது. துவைத்த மறுநாள்தான் கீழே கறுத்ததற்கும் இதுதான் காரணம். பள்ளம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, புதிதாக வருவது வழிகிறது.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பள்ளத்தை நிரப்பியிருந்த ஈரமான அடைப்பு முழுவதையும் அள்ளி, தளத்தைக் கழுவி, கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு உலரவிட்டோம். அந்த நேரத்தில் கீழே போய்ச் சீலிங்கைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். நல்ல கான்கிரீட் கணீர் என்று கேட்கும். பூச்சு விட்ட இடம் பொத்து சத்தம் தரும். ஒரு முறம் அகலத்துக்குப் பொத்தாக இருந்தது. துரு ஏறிய கம்பி பழைய கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கலில்தான் அடிக் கான்கிரீட் பிளந்து விழுகிறது. பெயர்ந்ததைத் தட்டிக் கொட்டி, கம்பியைப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தோம். மேலோடு துரு, கனம் பெரிதாகக் குறையவில்லை. துரு தடுக்கும் பூச்சு, அது காய்ந்ததும் பழைய கான்கிரீட்டோடு புதுக் கலவையை ஒட்டவைக்கும் பால், அதன்மேல் பாலிமர் கலந்த கலவை என்று மூன்றாகப் போட்டு மூடினோம். கம்பி பாதியாக இளைத்திருந்தால் கொத்தனாரோடு முடிக்காமல் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது, கீழே ஆள் படுக்கிறார்கள்.

கீழ்வீட்டுக்காரர்களிடம் இந்த வேலையை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தேன். வாடகை வீட்டுக்குள் உரிமையாளர் நுழைய வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் முறை. பீரோவையும் கட்டிலையும் ஹாலுக்கு மாற்றிக் கொடுத்தோம். படுக்கையறை வாசலுக்கு பாலிதீன் திரை கட்டி, அந்த மாத வாடகையில் பாதியை வாங்கிக்கொள்ளவில்லை. தூசியிலும் சத்தத்திலும் அவர்கள் இருக்க வேண்டியது நம் வீட்டுக் குறையால்.

மேலே திரும்புவோம். டிராப்பை எஸ்டபிள்யூஆர் என்கிற கழிவுநீர் பிவிசி குழாயோடு ரப்பர் ரிங் வைத்த இணைப்பில் மாட்டினோம். தளத்தையும் சுவரையும் குழாய் துளைத்துப் போகிற இடங்களில் சுருங்காத கிரவுட். டிராப் வாங்கும்போது உள்ளே 2 அங்குலமாவது தண்ணீர் நிற்கிற மாதிரிப் பார்த்து வாங்குங்கள். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கிறது. சுவருக்குள் இருந்த பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் சோதனையில் தாங்கினாலும், சுவர் திறந்திருக்கும்போதே சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசிக்கு மாற்றிவிட்டேன். போர் தண்ணீரில் இருபத்தைந்து வருஷம் ஓடிய குழாய், உள்ளே உப்புப் படிந்து துவாரம் பாதியாகிவிட்டிருந்தது. கீசருக்குப் போகிற வருகிற லைனில் சாதா பிவிசி போடுகிற வழக்கம் இன்னமும் இருக்கிறது. அது கொதிநீரில் தொய்ந்துவிடும். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்குவதற்கென்றே செய்யப்படுவது.

வாட்டர்ப்ரூஃபிங்கில் பெயர் பெற்ற கம்பெனி எது என்று தேடுவதைவிட அடித்தளம் தயாரிப்பதில் கவனம் வைக்க வேண்டும். தளமும் சுவரும் சேருகிற மூலை முழுவதும் கலவையால் உருட்டி, நேர்மூலை இல்லாமல் வளைவாக்கினோம். நேர்மூலையில் பூச்சு எப்போதும் வெடிக்கும். மூலைகளில் ஃபைபர் வலை பதித்து, தளத்தை ஈரப்படுத்தி, ஆனால் தண்ணீர் தேங்காமல் துடைத்துவிட்டு, பவுடரும் திரவமுமாக வருகிற பாலிமர் சிமெண்ட் பூச்சை இரண்டு கோட்டு அடித்தோம். முதல் கோட்டு குறுக்கே, அது இறுகியதும் இரண்டாவது கோட்டு நெடுக்கே. சுவரில் முடிந்த தரைக்கு மேல் ஓர் அடி வரையும், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கும் ஏற்றினோம்.

கொத்தனார் அடுத்த நாளே பள்ளத்தை நிரப்பி அடைப்புப் போட அவசரப்பட்டார். நான் விடவில்லை. பூச்சு நன்றாக இறுகிய பிறகு டிராப்பை மறுபடி அடைத்து, பள்ளத்தில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்த்தோம். "கீழே ஒரு பொட்டு இல்ல சார், இனி போடலாமா?" என்று அவரே வந்து கேட்டார். இந்தச் சோதனையை விட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டால் பிறகு எந்த இடத்தில் தவறு என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. ஆள் கூலி கூடுதலாக ஆனாலும் இந்த இரண்டு நாளை யாரும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, பத்தில் ஒன்பது கொத்தனார்கள் தாமாகப் போடாதது: பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு முக்கால் அங்குலக் கசிவுக் குழாய். பின்னால் எப்போதாவது தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கினால் அது கீழ்வீட்டுச் சீலிங்குக்கு வராமல் வெளியே சொட்டும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். இதன் செலவு இருநூறு ரூபாய்கூட இல்லை. உள்முனையில் வலை கட்டி, சுற்றிலும் முக்கால் ஜல்லி போட்டுவிட்டு அடைப்பை நிரப்பினோம்.

அடைப்புக்கு மேல் கலவையிலேயே தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) கொடுத்தோம். ஐந்தடிக்கு ஓர் அங்குலம், டிராப்பைப் பார்த்து. வாட்டத்தைக் கலவையில் கொடுக்காமல் டைல்ஸ் ஒட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற ஆளை நம்பாதீர்கள். டைல்ஸுக்குக் கீழே இறங்குகிற தண்ணீருக்கும் போக வழி வேண்டும். கலவைக்கு மேல் இன்னொரு கோட்டு பூச்சு, பிறகு வழுக்காத மேட் டைல்ஸ், இடுக்குக்கு எபாக்ஸி கிரவுட். எபாக்ஸி விலை கூடுதல்தான், ஆனால் அது தண்ணீர் குடிக்காது, கறுக்காது. வாடகைக்கு இருப்பவர் ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் சாதா சிமெண்ட் கிரவுட் மாதிரி அரித்துப் போகாது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் குழாயும் வயரும் ஓடுகிற ஒவ்வொரு சுவரிலும் டேப்பைப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நாளை யாராவது கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கக் கேட்டால் அந்தப் போட்டோவைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கரண்ட் வேலை சின்னது, ஆனால் எனக்கு இதில்தான் மனசு அதிகம் கிடந்தது. பழைய கீசர் பாயிண்ட்டில் எர்த் வயர் பாக்ஸ் வரை வந்து, இணைக்காமல் சுருண்டு கிடந்தது. எர்த் குழி வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று சோதித்து இணைத்து, மேல்வீட்டு மெயின் போர்டில் கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டோம். ஈரக் கையோடு கீசர் குழாயைத் தொடுகிற ஒருவரின் உயிருக்கும் ஆபத்துக்கும் நடுவில் இருப்பது அந்தச் சின்னப் பெட்டிதான். அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லிப் புதிதாக வருபவர்களுக்குக் காட்ட வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி மின் இணைப்பு முன்பே வாங்கியாகிவிட்டது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வசூலிக்கிற வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு, குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்கிற அரசுச் சலுகை போய்ச் சேர்வதே இல்லை. சமையலறையும் வாசலும் தனியாக உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்புக் கேட்டு விண்ணப்பிப்பதுதான் நியாயம்.

செலவு விவரம். கொத்தனார், சித்தாள் கூலி 20,000-ஐ ஒட்டி. பிளம்பிங் சாமானும் கூலியும் 13,000. டைல்ஸ் 8,300. எலக்ட்ரிக் வேலை 6,000. பூச்சு, வலை, கிரவுட் 5,000. கீழ்ச் சீலிங் 5,000. இடிபாடு அள்ளிப் போக 2,500. மொத்தம் 60,000-க்குச் சற்றுக் குறைவு. மேல்வீட்டு வாடகை 9,000 என்பதால் ஆறரை மாத வாடகை போனது போலத் தோன்றும். பத்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 500. ஒவ்வொரு வருஷமும் ஒரு மாத வாடகையைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டுவைப்பவர்களுக்கு இந்த மாதிரி வேலை வரும்போது நகை அடகுக்குப் போக வேண்டியதில்லை. வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் பன்னிரண்டு மாத வாடகையை வருமானமாக எழுதுகிறார்கள். ஒரு மாதம் பராமரிப்புக்கு, ஒரு மாதம் காலியாகக் கிடப்பதற்கு என்று பத்து மாதம் என்றே எழுதிப் பார்க்கச் சொல்வேன். அதிலும் வட்டி கட்டுப்படியானால் வாங்கலாம்.

வருமான வரியில் இந்த ரிப்பேர் பில்லைத் தனியாகக் கழிக்க முடியாது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. வாங்கிய வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். ஒரு ரூபாய் செலவழிக்காவிட்டாலும் 30 சதவீதம்தான், லட்சம் செலவழித்தாலும் அதேதான். என் இரண்டு போர்ஷனுக்கும் வருஷ வாடகை 2,28,000 என்றும் சொத்து வரி 6,000 என்றும் வைத்தால், மீதி 2,22,000-இல் 66,600 கழிந்து 1,55,400 வருமானக் கணக்குக்கு வரும். வீட்டுக் கடன் இருந்தால் வட்டியும் கழியும். சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு, நாள் தள்ளாதீர்கள்.

அடுத்தது ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டது. பதினோரு மாத ஒப்பந்தத்தை இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வீட்டுக்குள் வைத்துக்கொள்வது போதாது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. யார் எதை ரிப்பேர் செய்வது என்பதற்கும் அட்டவணை உண்டு: கட்டட வேலை, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பங்கு. டேப் வாஷர், ஸ்விட்ச், தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பங்கு. காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. எழுத்தில் ஒப்புக்கொள்ளாத ஒன்றைப் பிடிக்க நமக்கு உரிமை இல்லை. என்ன தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தச் சட்டப்படியே கூடாது.

பழைய வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டைக் காட்டும்போது ஹாலைப் பார்ப்பதற்கு முன்னால் மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள அறைக்குப் போங்கள். சீலிங்கில் ஓரிடம் மட்டும் புதுப் பெயிண்ட் மின்னினால் அங்கே கையை வைத்துப் பாருங்கள், விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். பொத்து சத்தம் வந்தால், உடைத்துச் செய்கிற செலவை விலையில் குறைத்துக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

கீழ்ச் சீலிங்குக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. கான்கிரீட்டுக்குள் ஏறிய ஈரம் இறங்கச் சில வாரம் ஆகும், அதற்குள் பட்டி வைத்தால் மறுபடி உதிரும். கசிவுக் குழாயின் வாய் இதுவரை காய்ந்தே இருக்கிறது. மேல்வீட்டுக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் குடும்பம் வருகிறது. மீட்டர் ரீடிங், சாவி எண்ணிக்கை, ஒவ்வொரு அறையின் போட்டோ எல்லாம் ஒப்பந்தத்தோடு சேர்த்தாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடித் தட்டோடு இடுக்குகளைப் பார்க்க வேண்டும், அதே கொத்தனாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.